கதையும் காயமும் பொருந்துகிறதா?
எல்லையோரக் குழந்தை மருத்துவர் ஒருவரின் அனுபவக் குறிப்புகள்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "டாக்டர், தடுப்பூசி, சத்துணவு என்று ஏதாவது எழுதுங்களேன். குடும்பத்தோடு படிக்கிற மலர்" என்றார்கள். தடுப்பூசியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியதும், ஆனால் எந்தக் குடும்பத்திலும் வாய்விட்டுப் பேசாததுமான ஒரு பொருளை எழுதுகிறேன் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "சரி, எழுதுங்கள்" என்றார்கள். அவர்களுக்கு என் நன்றி.

குழந்தையின் உடலில் ஒரு காயம் இருக்கிறது. அது தானாக நேர்ந்ததா, யாராவது செய்ததா? மருத்துவர் அதை எப்படிப் பிரித்தறிகிறார்? அறிந்தபின் என்ன செய்ய வேண்டும்? இதுதான் இக்கட்டுரையின் பொருள்.

நான் தொழில் செய்தது மீனாட்சிபுரம் வட்டாரத்தில். பொள்ளாச்சியிலிருந்து திருச்சூர் போகும் சாலையில் கேரளத்துக்குள் நுழைந்ததும் வருகிற ஊர். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ், பாதிப் பேச்சு மலையாளம். தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைச் சோதிக்கக் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச் சாவடி இங்கே இருக்கிறது. வண்டியை நிறுத்தி, மாதிரி எடுத்து, கலப்படம் இல்லை என்று தெரிந்தபிறகே விடுவார்கள். அதே சாலையில் கை வீங்கிய ஒரு குழந்தை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமோ, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமோ கடந்து போனால் நிறுத்திக் கேட்பவர் யாருமில்லை. கேட்க வேண்டியவர் மருத்துவர் ஒருவர்தான்.

அப்படிக் கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தவறு

இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். நான்கு வயதுப் பையன், இடது முன்கை எலும்பு முறிவு. கூட்டி வந்தவர் சித்தப்பா முறை ஆக வேண்டும் என்றார். "கட்டல்ல இருந்து வுழுந்துட்டானுங்க டாக்டர். ரொம்ப வாலுங்க" என்று சிரித்தார். பையன் அழவில்லை. கையைத் திருப்பினேன்; அப்போதும் அழவில்லை. காது மடலில் கன்றிப்போன ஒரு தடம் இருந்தது. "இது என்ன?" என்று கேட்டேன். கேட்டது அந்த மனிதரிடம். "அதும் அப்ப பட்டதுதானுங்க." ஓ.பி.யில் முப்பது பேர் காத்திருந்தார்கள். மாவுக்கட்டுப் போட்டு, மருந்து எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பொள்ளாச்சியில் பணிபுரிந்த நண்பர் போன் செய்தார். "ஏப்பா, இந்தப் பையனுக்குக் கட்டுப் போட்டது நீதானே? இப்ப மூச்சு வாங்குதுன்னு கொண்டு வந்திருக்காங்க. விலா எலும்பு ரெண்டு உடைஞ்சு, ஆறிக்கிட்டு இருக்கு. நீ நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தியா?" எடுக்கவில்லை. நான் பார்த்த அன்றே அந்த விலா எலும்புகள் உடைந்திருந்திருக்கலாம். நண்பர், கூட வந்தவரைச் சீட்டு வாங்கி வர வெளியே அனுப்பிவிட்டு, நர்ஸம்மாவை அருகில் வைத்துக்கொண்டு பையனிடம், "கையி என்னாச்சு கண்ணு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் பையன் சொன்ன பதில்: "சொன்னா மறுக்காவும் அடிப்பாங்க."

அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. என் மொழி பேசிய பையன் அவன். நான்தான் கேட்கவில்லை.

மருத்துவம் இதை எப்போது கண்டுகொண்டது?

பெற்றவர்களோ வளர்ப்பவர்களோ பிள்ளையை இப்படி வதைப்பார்கள் என்பதை மருத்துவ உலகமே வெகுகாலம் நம்ப மறுத்தது. 1860இல் பாரிஸ் நகரத்துச் சட்ட மருத்துவர் அம்புரோஸ் தார்தியூ இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அன்று யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1946இல் அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர் ஜான் காஃபி, மூளை உறைக்கு அடியில் ரத்தம் கசிந்த கைக்குழந்தைகள் சிலருக்குக் கை கால் எலும்புகளும் உடைந்திருப்பதைக் காட்டினார். 1962இல் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவரது குழுவினரும் இதற்கு ஒரு பெயர் வைத்துக் கட்டுரை எழுதிய பிறகுதான் உலகெங்கும் மருத்துவர்கள் விழித்துக்கொண்டார்கள். பெயர் வைத்த பிறகே கண்ணுக்குத் தெரிந்தது என்பது எங்கள் தொழிலுக்குப் பெருமையான செய்தி அல்ல.

காயம் எங்கே இருக்கிறது?

ஓடியாடும் பிள்ளை விழுந்தால் எங்கே படும்? முழங்கால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், முழங்கை, நெற்றி, தாடை நுனி. எலும்பு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் இடங்கள் இவை. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இங்கே நாலு தழும்பு இருக்கும். இருப்பதே ஆரோக்கியம் எனலாம்.

விழுந்தால் எளிதில் படாத இடங்கள் உண்டு. காது, கழுத்து, கன்னத்துச் சதை, தாடையின் மூலை, கண் இமை, மார்பு, வயிறு, முதுகு, பிட்டம், தொடையின் உட்பக்கம், மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் மெல்லிய சவ்வு. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கன்றிய காயம் இருந்தால் நின்று யோசிக்க வேண்டும் என்பது இன்று ஆய்வுகளால் உறுதிப்பட்ட விதி. இன்னும் குப்புறக்கூட விழாத, நான்கு மாதம் வரையிலான கைக்குழந்தைக்கு உடம்பில் எந்த இடத்தில் கன்றல் இருந்தாலும் யோசிக்க வேண்டும். தன்னால் நகரவே முடியாத குழந்தை எதில் போய் இடித்துக்கொள்ளும்?

காயத்தின் வடிவமும் பேசும். மடித்த வயர் அடித்தால் வளையமாகத் தடம் விழும். பெல்ட் அடித்தால் இரண்டு இணைகோடுகள். கன்னத்தில் அறைந்தால் விரல்களின் இடைவெளி தெரியும். வெந்நீரைத் தானே இழுத்துக் கொட்டிக்கொண்ட குழந்தைக்குப் புண் மேலே பெரிதாகவும் கீழே போகப்போகச் சிறிதாகவும், ஓரம் ஒழுங்கில்லாமலும், சுற்றிலும் தெறித்த புள்ளிகளோடும் இருக்கும். சுடுநீரில் காலை அழுத்திப் பிடித்திருந்தாலோ, இரண்டு காலிலும் காலுறை போட்டது போல் ஒரே மட்டத்தில் கோடு நிற்கும்.

இத்துடன் கதையைப் பொருத்திப் பார்க்க வேண்டும். சொல்லும் கதைக்கு இந்தக் காயம் வருமா? அந்த வயதுப் பிள்ளைக்கு அந்தச் செயல் முடியுமா? அம்மா சொல்வதும் அப்பா சொல்வதும் ஒன்றா? நேற்று பட்ட காயத்துக்கு இன்று மாலை வந்தது ஏன்? எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு கேள்வியும் அவசியம்: இதற்குமுன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்? முதல் முறிவு பொள்ளாச்சியில், இரண்டாவது சித்தூரில், மூன்றாவது பாலக்காட்டில் என்று சீட்டுகள் சிதறிக் கிடந்தால் எந்த ஒரு மருத்துவருக்கும் முழுக்கதை தெரியாது.

இடுக்கி மாவட்டத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் கேரளத்தையே உலுக்கின. 2013இல் தமிழக எல்லையை ஒட்டிய குமளிப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் குற்றுயிராக மருத்துவமனைக்கு வந்தான். அவன் உடம்பில் இருந்தவை ஒரே நாளில் பட்ட காயங்கள் அல்ல. உயிர் பிழைத்தான், மூளை பாதிக்கப்பட்டுப் பிறர் துணையின்றி வாழ முடியாதவன் ஆனான். தந்தையும் சிற்றன்னையும் குற்றவாளிகள் என்று தொடுபுழா நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 டிசம்பரில். 2019இல் தொடுபுழாவிலேயே ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் பலத்த காயத்தோடு கொண்டுவரப்பட்டான். கட்டிலிலிருந்து விழுந்தான் என்பதே முதலில் சொல்லப்பட்ட கதை. கதை பொருந்தவில்லை என்று மருத்துவர்கள் காவல்துறைக்குச் சொன்னார்கள். பத்து நாள் போராடி அந்தப் பிள்ளை இறந்துபோனான். நான் கேட்டு அனுப்பிய அதே கட்டில் கதைதான். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

எல்லாத் தடமும் அடி அல்ல

இப்படி எழுதுவதால் அடிபட்ட குழந்தை எல்லாம் வதைபட்ட குழந்தை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தவறாகக் குற்றம் சாட்டுவதும் ஒரு வதைதான்.

ஒருமுறை பக்கத்து வீட்டம்மா ஒருவர் ஓர் இளம் தாயையும் குழந்தையையும் இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். "பச்சக் கொழந்தய எப்படிக் கிள்ளி வெச்சிருக்கா பாருங்க டாக்டர்." குழந்தையின் இடுப்பின் பின்புறம் நீலநிறத் திட்டுகள். அவை பிறவியிலேயே வருபவை. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு மிகச் சாதாரணம். வலிக்காது, நாளுக்கு நாள் நிறம் மாறாது, வளர வளரத் தானே மறையும். அந்தத் தாய் அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

ஹீமோபிலியா இருந்தால் லேசாகப் பட்டாலே பெரிதாகக் கன்றிப்போகும். ரத்தத் தட்டணுக்கள் குறைந்தால் அடிபடாமலே சிவப்புப் புள்ளிகளும் கன்றல்களும் தோன்றும். எலும்பு எளிதில் ஒடியும் பிறவிக் குறைபாடு உண்டு. எங்கள் மாவட்டத்து அட்டப்பாடிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. அது உள்ள கைக்குழந்தைக்குக் கைகளும் பாதங்களும் திடீரென வீங்கி வலிக்கும். தெரியாதவர் பார்த்தால் யாரோ முறுக்கிவிட்டார்கள் என்றே தோன்றும். நாட்டு வைத்தியமாக வயிற்றிலோ நெற்றியிலோ சூடு வைக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அதைச் செய்த பாட்டிக்குப் பேரன்மேல் வெறுப்பு இல்லை. ஆனால் பிள்ளைக்குப் புண் புண்தான், அதை நிறுத்தியாக வேண்டும்.

ஆகவே முறையான பரிசோதனை இரண்டு பக்கமும் காவல். தலைமுதல் கால்வரை உடை களைந்து பார்ப்பது, எடை உயரம் குறிப்பது, காயங்களை அளந்து படம் வரைந்து எழுதி வைப்பது, தட்டணு எண்ணிக்கையும் ரத்தம் உறையும் நேரமும் பார்ப்பது, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் உடம்பு முழுக்க எலும்புகளை எக்ஸ்ரே எடுப்பது, தலைக்காயத்தில் கண்ணின் உட்பகுதியைப் பார்ப்பது என்று இவை அனைத்தும் அடங்கும். ஒன்று சொல்ல வேண்டும். கன்றிய காயத்தின் நிறத்தை வைத்து அது எத்தனை நாள் பழையது என்று கணிக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது நம்பத்தக்கதல்ல என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன.

கண்ணுக்குத் தெரியாத காயம்

பாலியல் துன்புறுத்தலில் பெரும்பாலும் உடம்பில் தடமே இருக்காது. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் அல்ல. பிள்ளையின் நடத்தைதான் காட்டிக்கொடுக்கும். நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, காரணம் தெரியாத வயிற்றுவலி, ஒருவர் பெயரைக் கேட்டாலே ஒதுங்குவது, டியூஷனுக்கோ பள்ளிக்கோ திடீரெனப் போக மறுப்பது, வயதுக்கு மீறிய பேச்சு. இவற்றில் ஒன்று இருந்துவிட்டால் அதுதான் என்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் கேட்க வேண்டும்.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 53 சதவீதம் பேர், ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் அதில் உண்டு. செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள்.

கண்டறிந்தால் மட்டும் போதாது என்பதற்கு எங்கள் மாவட்டத்தின் இன்னொரு எல்லை வாசலான வாளையாரே சாட்சி. 2017 ஜனவரி 13இல் அங்கே 13 வயதுச் சிறுமி வீட்டில் இறந்து கிடந்தாள். பிரேதப் பரிசோதனையில் பாலியல் துன்புறுத்தலுக்கான அறிகுறிகள் குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் குறிப்பு காகிதத்திலேயே இருந்தது. ஐம்பது நாள் கழித்து, மார்ச் 4இல், அவளுடைய 9 வயதுத் தங்கையும் அதே வீட்டில் இறந்து கிடந்தாள். 2019இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டதும், 2021 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்ததும், பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனதும் செய்தித்தாளில் பலரும் படித்திருப்பீர்கள். வழக்கைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கில்லை. மருத்துவனாக ஒன்றைத்தான் கேட்கிறேன். மூத்தவளின் உடல் சொன்னதைக் கேட்டு, மறுநாளே யாராவது அந்தச் சின்னவளைத் தனியே உட்காரவைத்துப் பேசிப் பாதுகாத்திருந்தால்?

பிள்ளையின் மொழி

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. பிள்ளை வீட்டில் பேசும் மொழி ஒன்று, மருத்துவர் பேசும் மொழி வேறொன்று. நடுவில் மொழிபெயர்ப்பவர் கூட வந்த பெரியவர். அந்தப் பெரியவரே காயத்துக்குக் காரணமாக இருந்தால்?

லண்டனில் நடந்தது இதுதான். ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து படிக்க வைப்பதாகச் சொல்லி உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அழைத்து வந்த விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமிக்குத் தெரிந்த மொழி பிரெஞ்சு. 1999இல் காயங்களோடு மருத்துவமனைக்கு வந்தாள். சிரங்கைச் சொறிந்த தடங்கள் என்று ஒரு மருத்துவமனை முடிவு செய்து அனுப்பியது. 2000 பிப்ரவரி 25இல் எட்டு வயதில் இறந்தபோது அவள் உடம்பில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. லார்டு லாமிங் தலைமையில் நடந்த விசாரணை 2003இல் 108 பரிந்துரைகளை அளித்தது. அவளைப் பார்த்த அதிகாரிகளும் மருத்துவர்களும் பலர். அவளோடு அவள் மொழியில் உட்கார்ந்து பேசியவர் அரிது.

நம் நாட்டுப் போக்சோ சட்டம், 2012, இதை நினைவில் வைத்திருக்கிறது. பிள்ளைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவானால் மொழிபெயர்ப்பாளர் தரப்பட வேண்டும் என்று 19ஆம் பிரிவும், தேவைப்பட்டால் அவர் உதவியைப் பெறலாம் என்று 38ஆம் பிரிவும் சொல்கின்றன. பாலக்காட்டிலோ பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் நம்மவர்கள், "என் பிள்ளை தமிழில்தான் சொல்லும், தமிழ் தெரிந்தவர் வேண்டும்" என்று தயங்காமல் கேட்கலாம். சங்கங்கள் இதற்குத் துணை நிற்கலாம். தமிழும் உள்ளூர் மொழியும் நன்கு அறிந்த, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேரின் பெயரைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்து வைத்தாலே பெரிய உதவி.

சட்டம் என்ன கேட்கிறது?

குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, காவல்துறைக்குச் சொல்வது போக்சோ சட்டப்படி ஒவ்வொருவரின் கடமை. மருத்துவருக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டாருக்கும்தான். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. நிரூபிக்க வேண்டியது சொல்பவரின் வேலை அல்ல. சந்தேகத்தைச் சொன்னால் போதும். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பிள்ளை நம்புகிற ஒருவர் உடனிருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் தாமதம் ஆபத்து.

அடி, பட்டினி, கொடுமை ஆகியவற்றுக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. எல்லை ஊர்க்காரர்கள், "அது கேரளா கேஸ், இது தமிழ்நாடு கேஸ்" என்று அலைக்கழிக்கப்பட வேண்டியதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 1098 என்ற இலவச எண்ணுக்கு எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிடலாம்; பிள்ளையே கூப்பிடலாம்.

வீட்டில் நாம்

பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற ஒரு வார்த்தை போதும், அந்தப் பிள்ளை அடுத்த பத்து வருடத்துக்கு வாய் திறக்காது. "யார் அடிச்சா? அந்த மாமாதானே?" என்று விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "என்னாச்சு கண்ணு? அப்புறம்?" இது போதும். "நீ சொன்னது நல்லது. உன்மேல தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள்; சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும்.

கைக்குழந்தை விடாமல் அழுது கோபம் வந்தால் தொட்டிலில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழுகையால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. பிடித்துக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வோம். என் மேசைக்கு வந்த பிள்ளைகளில் அடி உதவிய ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பையன் பிறகு என்ன ஆனான் என்று கேட்பீர்கள். நண்பர் செய்ய வேண்டியதைச் செய்தார். பையனை அம்மிச்சி கூட்டிப்போய் வளர்த்தார். சில வருடம் கழித்துச் சளிக்காக என்னிடமே வந்தான். கூட அம்மிச்சி. நான் வழக்கம்போல் அவரைப் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்று ஆரம்பித்துவிட்டு, நிறுத்தி, அவன் பக்கம் திரும்பி, "சொல்லு சாமி, என்ன பண்ணுது?" என்றேன். "மூணு நாளா இருமலுங்க" என்றான். கூட வந்தவரைக் கேட்கும் முன்னால் பிள்ளையைக் கேட்பது அன்றிலிருந்து என் வழக்கம்.